எத்தனை சீட்டை எண்ணுவது?

(ஆம்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி நம் ஊரில் இரண்டு பேச்சுதான் அடிபடுகிறது. தோற்றவர் 'மிஷினில் ஏதோ பண்ணிவிட்டார்கள்' என்பார். ஜெயித்தவர் 'மிஷின் மேல் பழி போடாதே' என்பார். இந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு கணக்கை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். நம் தொகுதிக் கணக்கு. அதைப் போட்டுப் பார்த்தால், எப்போது நிம்மதியாக இருக்கலாம், எப்போது கேள்வி கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2019 ஏப்ரல் 18 அன்று தமிழ்நாடு முழுக்க மக்களவைத் தேர்தல் நடந்தது. நம் வேலூரில் மட்டும் நடக்கவில்லை. வருமான வரித்துறை 11 கோடி ரூபாய்க்கு மேல் பணத்தைப் பிடித்ததையடுத்து, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் 16ஆம் தேதியே தேர்தலை ரத்து செய்தார். பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டில் அதுதான் முதல் தடவை. ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்குமான சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் குறித்த நாளில் நடந்தன. மக்களவைக்கு நாம் ஆகஸ்ட் 5 அன்று வாக்களித்தோம். 9ஆம் தேதி எண்ணினார்கள். திமுகவின் கதிர் ஆனந்த் 4,85,340. இரட்டை இலையில் நின்ற ஏ.சி. சண்முகம் 4,77,199. வித்தியாசம் 8,141.

ஐந்து வருடம் கழித்து, 2024இல், மறுபடியும் அதே இருவர். இந்த முறை சண்முகம் தாமரையில் நின்றார். கதிர் ஆனந்த் வென்ற வித்தியாசம் 2,15,702.

இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 8,141. 2,15,702. இரண்டு தேர்தலிலும் முடிவைச் சரிபார்க்க எண்ணப்பட வேண்டிய ஒப்புகைச் சீட்டுப் பெட்டிகள் ஒரே அளவுதான்: ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து. வேலூர், அணைக்கட்டு, கே.வி. குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஆறு பகுதிக்கும் சேர்த்து 30. கழுத்தளவு போட்டிக்கும் 30, ஒருபக்கமாகப் போன தேர்தலுக்கும் 30. இது சரியா என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இயந்திரத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். இது நம்மவர் செய்த கருவி. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த எஸ். ரங்கராஜன்தான் நமக்கெல்லாம் தெரிந்த எழுத்தாளர் சுஜாதா. இணையத்தோடு இதற்குத் தொடர்பில்லை. நிமிடத்துக்கு நான்கு வாக்குக்கு மேல் ஏற்காது. ஆகவே சாவடிக்குள் நாலு பேர் புகுந்து மளமளவென்று குத்தித் தள்ளிய பழைய காலம் போயிற்று. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டி வந்தது. அந்தப் பாடு இன்றைக்கு இல்லை. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இந்த இயந்திரம் வந்தது, 2004இல் நாடு முழுக்க.

ஆனால் இதன் முதல் தேர்தலே நீதிமன்றம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 1982 மே 19, கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதி. 50 சாவடிகளில் இயந்திரம் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 வாக்கில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளின் தேர்தலை ரத்து செய்தது. இயந்திரம் தப்புச் செய்தது என்று அது சொல்லவில்லை; இப்படி வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. அங்கெல்லாம் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. ஜோஸ் வென்றார். பிறகு 1988இல்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவைச் சேர்த்து இயந்திரத்துக்குச் சட்டப்படி இடம் கொடுத்தார்கள்.

தோற்றவர் ஏற்றுக்கொள்ளும்படி முடிவு இருக்க வேண்டும். ஜெயித்தவருக்கு நிரூபணம் எதுவும் தேவையில்லை. இயந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தோற்றவருக்கு எதை நிரூபிப்பீர்கள்? பட்டனை அழுத்தினால் ரிசல்ட் திரையில் ஓர் எண் வரும். மறு எண்ணிக்கை கேட்டால் மறுபடி அழுத்துவார்கள். மறுபடி அதே எண் வரும். 2010இல் தொழில்நுட்பவியலாளர் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் ராப் கோங்ரிப் ஆகியோர் ஓர் இந்திய இயந்திரத்தைத் திறந்து, உள்ளே திரைப் பலகையை மாற்றிவைத்தால் அந்த எண்ணையே மாற்றிக் காட்ட முடியும் என்று செய்து காண்பித்தார்கள். அந்த இயந்திரம் எப்படிக் கைக்கு வந்தது என்ற வழக்கில் ஹரி பிரசாத் கைதானார். அவர்கள் சோதித்தது பழைய வகை என்பதும், முத்திரையும் காவலும் இருக்கும்போது ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் அதைச் செய்வது எளிதல்ல என்பதும் ஆணையத்தின் பதில். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 'எங்கள் காவலை நம்பு' என்பதுதான் அதன் சாரம். நம்பிக்கை வேறு, சரிபார்ப்பு வேறு.

எம்ஐடி பேராசிரியர் ரொனால்ட் ரிவெஸ்ட் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னார். இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருளில் யார் கண்ணுக்கும் படாத பிழை ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிழை, யாருக்கும் தெரியாமல் தேர்தல் முடிவை மாற்றிவிட முடியாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். அதாவது இயந்திரம் யோக்கியமானதா என்ற விசாரணையே தேவைப்படக் கூடாது.

அதற்குத்தான் காகிதம் வந்தது. 2013 அக்டோபர் 8 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், நேர்மையான தேர்தலுக்கு ஒப்புகைச் சீட்டு இன்றியமையாதது என்றது. விவிபேட் என்று நாம் சொல்லும் பெட்டி அதுதான். 2014இல் நாட்டிலேயே எட்டு மக்களவைத் தொகுதிகளில் வைத்தார்கள். மத்திய சென்னை அதில் ஒன்று. 2019இல் எல்லாச் சாவடிக்கும் வந்தது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசை எண், வேட்பாளர் பெயர், சின்னம் மூன்றும் அச்சாகி ஏழு விநாடி நிற்கும். பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும்.

அந்த ஏழு விநாடியில் தான் போட்ட சின்னம் வேறு, சீட்டில் வந்தது வேறு என்று ஒரு பெண் பார்த்துவிட்டாள் என்று வையுங்கள். அவள் என்ன செய்யலாம்? விதி 49எம்ஏ சொல்கிறது: தலைமை அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவரும் முகவர்களும் பார்த்திருக்க, சோதனை வாக்கு ஒன்று போடச் சொல்வார்கள். அது சரியாக விழுந்துவிட்டால், பொய்ப் புகார் கொடுத்ததாக அவள் மேல் வழக்கு வரலாம். நாள் கூலிக்கு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பெண், பின்னால் நீண்ட வரிசை முணுமுணுக்க, இந்த ஆபத்தை ஏற்பாளா? 'எனக்கு ஏன் வம்பு' என்று வந்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எப்போதோ ஒரு தடவை வரும் கோளாறு, எல்லாரும் பார்க்கும்போது மறுபடி வந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தனி வாக்காளர் தன் கண்ணால் பார்த்ததை நிரூபிக்க வழியில்லாதபோது, அவள் பார்த்த சீட்டை எண்ணிப் பார்ப்பதில்தான் எல்லாப் பாரமும் வந்து இறங்குகிறது. எண்ணாத சீட்டு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சட்டமும் சீட்டின் பக்கம்தான் நிற்கிறது. விதி 56டியின்படி, எண்ணப்பட்ட சீட்டுக்கும் இயந்திரத்தின் எண்ணுக்கும் வித்தியாசம் வந்தால் சீட்டின் கணக்கே செல்லும்.

அப்படியானால் எத்தனை எண்ணுவது? ஆரம்பத்தில் சட்டமன்றப் பகுதிக்கு ஒன்று. பாதியையாவது எண்ணுங்கள் என்று சந்திரபாபு நாயுடுவும் மற்ற எதிர்க்கட்சித் தலைவர்களும் கேட்ட வழக்கில், 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஐந்தாக்கியது. எந்த ஐந்து என்பதைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். சாவடி எண்களைச் சீட்டுகளில் எழுதி, மடித்து, முகவர்கள் முன்னிலையில் குலுக்குகிறார்கள். இந்த ஏற்பாடு நல்லது. கைநாட்டு வைக்கிறவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இப்போது கணக்கு. அந்த இரண்டு தேர்தலிலும் நம் தொகுதியில் சாவடிகள் ஏறத்தாழ 1,500. அதில் 30 என்றால் நூற்றுக்கு இரண்டு. 8,141 வித்தியாசத்தைப் புரட்ட, அதில் பாதியான 4,071 வாக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் போதும். யாரும் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை. செய்திருந்தால் பிடிபட்டிருக்குமா என்று மட்டும் கேட்கிறேன். ஒரு சாவடிக்கு 100 வாக்கு மாறியது என்றால் 41 சாவடி. 30ஐக் குலுக்கி எடுக்கும்போது அந்த 41இல் ஒன்றாவது சிக்குவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 57. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். சாவடிக்கு 200 வாக்கு என்றால் 21 சாவடியே போதும். அப்போது சிக்குவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 35. மூன்றில் இரண்டு பங்கு தப்பிவிடும். ஒரு சாவடியில் 200 வாக்கு மாறினால் அந்தத் தெருக் கட்சிக்காரருக்கே சந்தேகம் வந்துவிடும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சந்தேகம்தான். சரிபார்ப்பு ஆகாது.

2024க்கு வாருங்கள். 2,15,702ஐப் புரட்ட ஒரு லட்சத்து எட்டாயிரம் வாக்கு மாற வேண்டும். சாவடிக்கு 200 என்றாலும் 540 சாவடி. 30ஐக் குலுக்கி எடுத்து அதில் ஒன்றுகூடச் சிக்காமல் போவதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. 30 தாராளமாகப் போதும். அதில் பாதியே போதும்.

ஆக, ஐந்து போதுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வித்தியாசம் பெரிதென்றால் குறைவாக எண்ணலாம். நூலிழை என்றால் நிறைய எண்ண வேண்டும். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஃபிலிப் ஸ்டார்க் இதை ஒரு முறையாகவே வகுத்தார். 2017இல் கொலராடோ மாநிலம் முழுக்க அப்படிச் சரிபார்த்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஆம்பூர்க்காரர்கள் கொலராடோ வரை போக வேண்டியதில்லை. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். எந்த அட்டைப்பெட்டியைத் திறப்பது என்று கம்பெனி சொல்லாது, அவரே கைகாட்டுவார். எத்தனை ஜோடி பார்ப்பது என்பதும் அவர் வாய்க்கு வந்த எண் கிடையாது. லாட் எவ்வளவு, எத்தனை பழுது வரை பொறுக்கலாம் என்பதை வைத்து அட்டவணை சொல்லும். எந்த லாட்டானாலும் ஐந்து ஜோடிதான் பார்ப்பேன் என்று ஒருவர் சொன்னால், இந்த ஊரில் கியூசி வேலை பார்க்கிற பிள்ளைகளே அவரைக் கேள்வி கேட்பார்கள்.

இந்த விவாதத்தின் இரண்டு தரப்புமே தமிழ்நாட்டிலிருந்து வந்தன என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஆணையம் கருத்துக் கேட்ட மூவர் குழுவில் சென்னை கணிதக் கழகத்தின் ராஜீவ கரந்திகர் இருந்தார். நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்களை எண்ணினாலே போதும் என்று அந்தக் குழு 2019 மார்ச்சில் சொன்னது. நம் மாநில ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி அதற்கு முந்தைய ஆண்டே எழுதிய ஆய்வில், ஒவ்வொரு தொகுதியையும் தனி லாட்டாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டிருந்தார். நான் ஷெட்டி பக்கம். நாட்டின் இயந்திரங்களில் பொதுவாக எத்தனை பழுது என்பதற்கு 479 பதில் சொல்லும். வேலூரில் ஜெயித்தவர் உண்மையில் ஜெயித்தாரா என்பதற்குப் பதில் சொல்லாது. எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பது தொகுதி. சரிபார்ப்பும் தொகுதிக்குத் தொகுதி நடக்க வேண்டும்.

நேரமாகும் என்பது ஆணையத்தின் மறுப்பு. ஒரு சாவடிச் சீட்டை எண்ண ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். 2019இல் நம் தொகுதியில், நான் சொன்ன அந்த 21 சாவடியில் ஒன்றையாவது நூற்றுக்கு 95 உறுதியோடு பிடிக்க வேண்டுமானால் 200 சாவடி எண்ண வேண்டும். பகுதிக்கு 34. ஒரே மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணினால் ஒன்றரை நாள். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணும் கூடத்தில் வழக்கமாக 14 மேசை இருக்கிறது. எல்லா மேசையிலும் எண்ணினால் மூன்று சுற்று, மூன்று மணி நேரம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை காத்திருந்த தொகுதிக்கு மூன்று மணி நேரம் ஒரு பொருட்டா?

2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் திபாங்கர் தத்தாவும், எல்லாச் சீட்டையும் எண்ணும் கோரிக்கையை மறுத்தார்கள். ஆனால் ஒரு கதவைத் திறந்தார்கள். இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் கேட்டால், ஒரு சட்டமன்றப் பகுதியில் ஐந்து சதவீத இயந்திரங்களைத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். அந்தத் தேர்தலிலேயே நாட்டில் எட்டு மக்களவை வேட்பாளர்கள் கேட்டார்கள். மொத்தம் 92 சாவடி. அதில் வேலூரும் உண்டு: சண்முகம் ஆறு சாவடி இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்டிருந்தார். ஓர் இயந்திரத் தொகுப்புக்கு அப்போது கட்டணம் 40,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

அவர் கேட்டது அவர் உரிமை. ஆனால் கிடைக்கவிருந்தது என்ன? ஆணையம் 2024இல் வகுத்த நடைமுறை, அந்த இயந்திரத்தில் புதிதாக மாதிரி வாக்குப் போட்டு, சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதாக இருந்தது. இயந்திரம் இன்று சரியாக எண்ணுகிறதா என்பதற்கு அது பதில். வாக்குப்பதிவு நாளில் சரியாக எண்ணியதா என்பதற்குப் பதில், அன்றைக்கு விழுந்த சீட்டுகளிடம்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே, சோதனைக்காகப் பழைய தரவை அழிப்பது ஏன் என்று கேட்டது. இரண்டு லட்சம் வித்தியாசத்தில் தோற்றவருக்கு அந்தச் சோதனை தேவையும் இல்லை. 8,141இல் தோற்ற 2019இல் அவருக்கு அந்த வழியே இல்லை.

ஒவ்வொருவருக்கும் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்கிறீர்கள். வேறு எந்த ஊரிலும் கேட்கலாம், வேலூரில் கேட்கக் கூடாது! பணத்துக்காகத் தேர்தலே ரத்தான தொகுதி இது. சீட்டை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றால், காசு கொடுத்தவன் மறுநாள் காலை வாசலில் வந்து 'சீட்டைக் காட்டு' என்பான். இன்றைக்குக் காசை வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போடுகிறவர்களைக் காப்பது ரகசியம்தான். தன் வாக்கு கணக்கில் சேர்ந்ததா என்று வாக்காளர் பார்க்கலாம், யாருக்குப் போட்டார் என்பதை அடுத்தவரிடம் காட்ட முடியாது என்ற வகையில் சங்கேதக் கணிதத்தைக் கொண்டு டேவிட் சாம் போன்றவர்கள் முறைகள் வகுத்திருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவின் டகோமா பார்க் என்ற சிறு நகரம் அப்படித் தேர்தலே நடத்தியது. அறிவுக்கு விருந்துதான். ஆனால் அதே ஆண்டு ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், தேர்தலின் முக்கியமான படிகளைச் சிறப்பு அறிவு எதுவும் இல்லாத குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி, 2005இல் பயன்படுத்திய இயந்திரங்களை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்றது. எனக்கும் அந்த அளவுகோல்தான் சரியாகப் படுகிறது. பேர்ணாம்பட்டில் தோல் கழுவுகிற தொழிலாளிக்குச் சங்கேதக் கணிதம் வராது. சீட்டு எண்ண வரும்.

சட்டத்தை மாற்றாமல் இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. பூத் ஏஜென்டாக உட்காருகிறவர்கள், வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மொத்தம் எத்தனை வாக்கு விழுந்தது என்பது அலுவலர் கையெழுத்தோடு அதில் இருக்கும். வித்தியாசம் குறைவாக இருந்தால், 56டி விதிப்படி கூடுதல் சாவடிகளின் சீட்டை எண்ணக் கோரி வேட்பாளர் எழுத்தில் கேட்கலாம். முடிவெடுப்பது தேர்தல் அலுவலர். அந்த மனுவை முன்கூட்டியே தட்டச்சு செய்து முகவர் பையில் வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கை முடிகிற பரபரப்பில் எழுத நேரம் இருக்காது.

கடைசியாக ஒன்று. இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் நாம் மூன்று விதமாக வாக்களிக்கிறோம். 2021 அக்டோபரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கிராமங்கள் ஊரக உள்ளாட்சிக்கு வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறக் காகிதச் சீட்டில் முத்திரை குத்தின. சட்டமன்றம், மக்களவைக்கு இயந்திரமும் ஒப்புகைச் சீட்டும். ஆனால் 2022 பிப்ரவரி 19 அன்று ஆம்பூர் நகராட்சியின் 36 வார்டுக்கும் நாம் போட்டது வெறும் இயந்திரத்தில். ஒப்புகைப் பெட்டி இல்லை, காகிதமே இல்லை. வார்டுத் தேர்தலில்தான் பத்து வாக்கிலும் இருபது வாக்கிலும் வெற்றி தோல்வி வருகிறது. அங்கேதான் எண்ணிப் பார்க்க ஒரு சீட்டுகூடக் கிடையாது. அங்கே ஒப்புகைப் பெட்டி வைக்க ஆணை பிறப்பிக்க வேண்டியது டெல்லி அல்ல. சென்னையில் இருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையம். அடுத்த நகர்மன்றத் தேர்தலுக்கு ஒப்புகைச் சீட்டு வேண்டும், வித்தியாசம் குறைந்த வார்டில் அத்தனை சீட்டையும் எண்ண வேண்டும் என்று கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதமென்றால் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.